சட்டையில்லாப் பணியாரம்

எங்கள் வீட்டில் ஒரு பலகாரம் இருக்கிறது. அதன் பெயரைச் சமையற் புத்தகங்களில் தேடினால் கிடைக்காது. ‘சட்டையில்லாப் பணியாரம்’ என்பது அதன் பெயர். பெயர் வைத்தவன் என் தம்பி. அப்போது அவனுக்கு ஐந்து வயது. செய்தவர் எங்கள் அம்மம்மா.

பயத்தம் பணியாரம் யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வறுத்த பயற்றம் மாவுடன் தேங்காய்ப்பூவும் சர்க்கரைப் பாகும் சேர்த்து உருண்டை பிடித்து, அரிசிமாக் கரைசலில் தோய்த்து, கொதிக்கும் எண்ணெயில் போட்டு எடுப்பார்கள். மேலே மஞ்சள் நிறத்தில் மொறுமொறு என்று ஓர் உறை இருக்கும். அதைத்தான் நாங்கள் சிறுவயதில் ‘சட்டை’ என்போம். அந்தச் சட்டையை விட்டுவிட்டு, எண்ணெயில் போடாமல், உருண்டையோடு நிறுத்திக்கொண்டால் அது எங்கள் அம்மம்மாவின் பலகாரம்.

எண்ணெய்த் தட்டுப்பாட்டினால் அப்படிச் செய்தார் என்றுதான் நான் பல காலம் நினைத்திருந்தேன். அதுவும் ஒரு காரணந்தான். பெரிய காரணம் வேறு. அது எனக்கு வளர்ந்த பிறகுதான் விளங்கியது. வீட்டில் ஒருவரைக் காணவில்லை, நாள் பெருநாள் வருகிறது, பிள்ளைகள் பலகாரம் கேட்கிறார்கள், செய்வதா விடுவதா என்று இன்றும் எத்தனையோ வீடுகளில் பெண்கள் யோசித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சாவு வீடும் இல்லை, நல்ல வீடும் இல்லை

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பலகாரம் சுடமாட்டார்கள். ‘தாச்சி வைக்கக் கூடாது’ என்பார்கள். எண்ணெய்த் தாச்சியை அடுப்பில் ஏற்றுவது நன்மைக்குரிய காரியம். கலியாண வீட்டில் பலகாரச் சூட்டுக்கு நாள் பார்த்து, நேரம் பார்த்துத்தான் தாச்சி வைப்பார்கள். ஆகவே துக்கம் உள்ள வீட்டில் ஆண்டுத் திவசம் முடியும்வரை அது இல்லை. அந்த ஒரு வருடத்துக்குள் தீபாவளியோ சித்திரை வருடப்பிறப்போ வந்தால், உறவினர்களும் அயலவர்களும் தங்கள் வீட்டில் சுட்டதில் ஒரு பங்கைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் ஏங்கிப் போகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் அந்த வழக்கம் சாவு நடந்த வீட்டுக்கு உரியது. ஒருவர் போய்த் திரும்பி வராத வீட்டில் என்ன செய்வது என்று அதில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

1990 ஆனியில் சண்டை திரும்பவும் தொடங்கியதோடு எங்கள் ஊரில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய், பற்றறி, சவர்க்காரம் என்று ஒவ்வொன்றாக அருந்தலாகின. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அதில் சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் படித்தோம். ஆனையிறவாலும் சங்குப்பிட்டியாலும் போகும் வழிகள் அடைபட்டிருந்தன. வன்னிக்குப் போகிறவர்கள் கிளாலிக்குப் போய், இருட்டில் வள்ளம் ஏறிக் கடலேரியைக் கடப்பார்கள். கிளாலிப் பயணம் என்றால் வீட்டில் இருப்பவர்களுக்கு நித்திரை இல்லை.

எங்கள் அப்பா ஒரு சிறிய பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடைக்குச் சாமான் எடுக்க இரண்டு தடவை கிளாலியால் வவுனியாவுக்குப் போய் வந்தவர். 1993 ஆவணியில் மூன்றாம் தடவை போனார். எனக்கு 12 வயது. சைக்கிள் கரியரில் வெறும் சாக்குகளைக் கட்டிக்கொண்டு, “நாலு நாளிலை வந்திடுவன்” என்று சொல்லிப் போனார். அன்றிரவு கடலில் வெடிச்சத்தம் கேட்டது என்று மறுநாள் ஊரில் பேசிக்கொண்டார்கள். அவர் எந்த வள்ளத்தில் ஏறினார், ஏறினாரா இல்லையா என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. சைக்கிள்கூடக் கிடைக்கவில்லை.

அம்மா பொட்டை அழிக்கவில்லை. தாலியைக் கழற்றவில்லை. அதே நேரம் பூ வைப்பதையும் விட்டார், புதுச்சேலை உடுப்பதையும் விட்டார். சத்தமாகச் சிரிப்பதும் நின்றுவிட்டது. படலை திறக்கும் சத்தம் கேட்டால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு எழுந்து பார்ப்பார். அந்த ஐப்பசியில் தீபாவளி வந்தது.

அம்மா ஒன்றும் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டார். “அவர் எங்கை கிடந்து என்ன பாடுபடுறாரோ, நான் இஞ்சை தாச்சி வைக்கிறதோ?” என்றார். அயலவர்களும் எங்கள் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுவரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. கொண்டுவந்தால் அப்பா செத்துப் போனார் என்று அவர்களே சொல்லியதுபோல ஆகிவிடும். நல்ல மனதோடுதான் அவர்கள் வராமல் நின்றார்கள். இப்படியாக, சாவு வீடு என்றால் கிடைக்கக்கூடியதும் எங்களுக்கு இல்லை, நல்ல வீடு என்றால் செய்யக்கூடியதும் எங்களுக்கு இல்லை. தம்பி மட்டும் வேலிப் பொட்டுக்குள்ளால் பக்கத்து வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். அங்கே முறுக்குச் சுடுகிற மணம் வந்துகொண்டிருந்தது.

அதை அம்மம்மா கண்டுவிட்டார்.

அம்மம்மா கண்ட வழி

அன்று பின்னேரம் அம்மம்மா அடுப்பை மூட்டிப் பயறு வறுக்கத் தொடங்கினார். மணம் வேலி தாண்டிப் போயிற்று. பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்து, “என்ன ஆச்சி, பலகாரமோ?” என்று கேட்டார். “பிள்ளையளுக்குக் கஞ்சிக்குப் பயறு வறுக்கிறன் தங்கச்சி” என்றார் அம்மம்மா. பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

அம்மா குசினி வாசலில் வந்து நின்றார். “அம்மா, நான் வேண்டாமெண்டு சொன்னனான்” என்றார். அம்மம்மா நிமிர்ந்து பார்க்காமலே சொன்ன பதில் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

“தாச்சி வைக்கேல்லைப் பிள்ளை. எண்ணெய் கொதிக்கேல்லை. உருண்டைதான் பிடிக்கிறன். அவர் வந்தாப் பிறகு நீ தாச்சி வை. அதுவரைக்கும் பிள்ளையள் வாயைக் கட்டி வைக்கேலாது.”

அம்மா ஒன்றும் பேசவில்லை. திரும்பிப் போய்விட்டார். நானும் தம்பியும் அம்மம்மாவோடு இருந்து உருண்டை பிடித்தோம். தம்பி ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அம்மம்மா, இதுக்குச் சட்டை போடேல்லையோ?” என்று கேட்டான். “சட்டை பிறகு போடலாம் ராசா. கொப்பர் வரட்டும்” என்றார் அம்மம்மா. அன்றைக்கு வந்த பெயர்தான் சட்டையில்லாப் பணியாரம்.

அந்தத் தீபாவளிக்கு அம்மா அதை வாயில் வைக்கவில்லை. அதற்கடுத்த தீபாவளிக்கும் வைக்கவில்லை. ஆனால் ‘செய்ய வேண்டாம்’ என்றும் பிறகு சொல்லவில்லை.

செய்யும் முறை

அம்மம்மாவுக்கு நிறையும் அளவும் கிடையாது. ரின்பால் பேணிதான் அவருடைய சுண்டு. பிற்காலத்தில் நானும் அம்மாவும் இருந்து, தராசில் நிறுத்துப் பார்த்து எழுதிய அளவு இது. 30 உருண்டை வரை வரும்.

பயறு 500 கிராம். பனங்கட்டி அல்லது சீனி 400 கிராம். பெரிய தேங்காய் ஒன்றின் பூ. மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, ஏலக்காய் ஐந்தாறு. ஒரு கிளாஸ் தண்ணீர். ஒரு சிட்டிகை உப்பு.

பயற்றைக் கல் பொறுக்கி, வெறுஞ்சட்டியில் மெல்லிய நெருப்பில் வறுக்க வேண்டும். அவசரப்பட்டால் தோல் கருகும், உள்ளே பச்சையாக இருக்கும். ஒரு பயற்றை வாயில் போட்டுக் கடித்தால் ‘டக்’ என்று உடைய வேண்டும். அதுதான் பதம். ஆறிய பின் திருகையில் உடைத்து, சுளகில் கொழித்துத் தோலைப் போக்கி, உரலில் இடித்து அரிதட்டில் அரிப்பார் அம்மம்மா. இப்போது மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளலாம். மா கொஞ்சம் நறுநறு என்று இருந்தால் நல்லது. மாப்போல மெழுகினால் உருண்டை தொண்டையில் ஒட்டும்.

தேங்காய்ப்பூவையும் வெறுஞ்சட்டியில் போட்டு ஈரம் முழுவதும் போகும்வரை வறுக்க வேண்டும். நிறம் இலேசாக மாறினால் போதும். இதில் கவனம் தேவை. ஈரம் நின்றால் மூன்றாம் நாளே பூஞ்சணம் பிடிக்கும். மிளகையும் சீரகத்தையும் வறுத்து ஏலக்காயோடு இடித்து, மாவும் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துக் கலந்து வையுங்கள்.

பனங்கட்டி என்றால் முதலில் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். மண் கிடக்கும். பிறகு அடுப்பில் வைத்துக் காய்ச்சுங்கள். ஒரு துளியை எடுத்துப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தொட்டுப் பிரித்தால் ஒரு நூல் இழுபட வேண்டும். அதற்கு முன் இறக்கினால் உருண்டை பிடிபடாது, நாளும் நிற்காது. அதைத் தாண்டினால் கல்லாகிவிடும். பாகை இறக்கி, கலந்து வைத்த மாவில் சிறிது சிறிதாக ஊற்றி, அகப்பைக் காம்பால் கிளறுங்கள். முழுப்பாகையும் ஒரே தடவையில் கொட்டிவிடாதீர்கள். மா தனக்கு வேண்டிய அளவைத்தான் குடிக்கும். கை பொறுக்கும் சூட்டில் உருண்டை பிடியுங்கள். ஆறிவிட்டால் உதிரும். உதிர்ந்தால் பயப்பட வேண்டாம், மிச்சப் பாகைச் சூடாக்கி ஒரு கரண்டி விட்டுப் பிசைந்தால் சேர்ந்துகொள்ளும். நன்றாக ஆறிய பிறகே பேணியில் போட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்துப் பழுதாகும். தேங்காய்ப்பூ சேர்த்தது ஒரு கிழமைக்கு இருக்கும். சேர்க்காதது கூட நாள் நிற்கும்.

சீனி இல்லாத காலத்தில் பனங்கட்டியில் செய்தோம். தேங்காய் வாங்க வசதியில்லாதபோது தேங்காய்ப்பூ இல்லாமல் செய்தோம். 2022இல் நாடு முழுவதும் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றபோது, தேங்காய் எண்ணெயின் விலையைக் கேட்டுவிட்டு எங்கள் ஒழுங்கையில் நாலைந்து வீடுகள் இந்தப் பலகாரத்துக்கு மாறின. பயறு இருந்தால் போதும். அது சத்தும் உள்ளது. 100 கிராம் பயற்றில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது.

நாவற்குழி வீதியில்

1995 தீபாவளிக்கும் அம்மம்மா உருண்டை பிடித்தார். ஐப்பசி மாதம். வலிகாமத்தின் மேல் படை நடவடிக்கை தொடங்கியிருந்தது. ஷெல் சத்தம் நாளுக்கு நாள் கிட்ட வந்துகொண்டிருந்தது. அந்த வருடம் தேங்காய்ப்பூ போடவில்லை. “நாள் நிற்கட்டும்” என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஒக்டோபர் 30ஆம் திகதி பின்னேரம் எல்லோரும் உடனே வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். அம்மா உடுப்புப் பையைக் கட்டினார். எங்கள் பிறப்புச் சான்றிதழ்களையும் அப்பாவின் ஒரு படத்தையும் பொலித்தீன் பையில் சுற்றி வைத்தார். அம்மம்மா ரின்னைத் தூக்கினார். பழைய பிஸ்கற் ரின். அதற்குள் 40 உருண்டை இருந்தது.

அந்த இரவைப் பற்றி இதை வாசிக்கிற பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. செம்மணியால் நாவற்குழிக்குப் போகிற வீதியில் சனம் அசையாமல் நின்றது. சைக்கிள், மாட்டு வண்டில், கைவண்டில், தள்ளாத கிழவர்கள், கைக்குழந்தைகள். ஓரடி வைத்தால் அரை மணித்தியாலம் நிற்க வேண்டும். மழை பெய்தது. குடையைத் திருப்பிப் பிடித்து மழைத் தண்ணீர் சேர்த்துக் குழந்தைகளுக்குப் பருக்கியவர்களைக் கண்டேன். கையில் காசு இருந்தாலும் வாங்க ஒன்றும் இல்லை.

நடுச்சாமத்துக்குப் பிறகு தம்பி அழத் தொடங்கினான். அம்மம்மா வீதியோரம் பையின் மேல் இருந்துகொண்டு ரின்னைத் திறந்தார். தம்பிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பக்கத்தில் நின்ற ஒரு தாயின் இரண்டு பிள்ளைகளுக்கும் கொடுத்தார். பிறகு ஒன்றை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார். அம்மா தலையை ஆட்டினார்.

“இது பலகாரம் இல்லைப் பிள்ளை. சாப்பாடு. நீ விழுந்தா இதுகளை ஆர் தூக்கிறது?” என்றார் அம்மம்மா.

அம்மா அதை வாயில் வைத்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் தின்ற முதல் இனிப்பு அதுதான். மழையிலே நின்று, விம்மி விம்மி, மென்று விழுங்கினார். விடியும்போது நாவற்குழிப் பாலத்தைக் கடந்துவிட்டோம். சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினோம். அந்த ரின் இன்னும் நாலு நாளுக்கு எங்களுக்கு உதவியது. 1996 சித்திரையில் ஊர் திரும்பினோம். வீட்டுக் கூரையில் பாதி இல்லை. உரல் மட்டும் போட்ட இடத்தில் கிடந்தது.

முடிகிற துக்கமும் முடியாத துக்கமும்

2002இல் சமாதான காலம் வந்து ஏ9 பாதை திறந்தபோது அம்மா முதல் வேலையாக அப்பாவின் படத்தை எடுத்துக்கொண்டு வன்னிக்குப் போனார். கேட்கக்கூடிய இடங்களில் எல்லாம் கேட்டார். ஒரு தகவலும் இல்லை.

2004இல் அம்மம்மா காலமானார். படுக்கையில் கிடக்காமல், ஒருவருக்கும் பாரமில்லாமல் போனார். எட்டுச் செலவு செய்தோம். 31ஆம் நாள் அந்தியேட்டி செய்தோம். ஒரு வருடம் தாச்சி வைக்கவில்லை. அந்தத் தீபாவளிக்கு அயல் வீடுகள் எல்லாவற்றிலிருந்தும் பலகாரம் வந்தது. முறுக்கு, அரியதரம், பயத்தம் பணியாரம் என்று தட்டுத் தட்டாக வந்தது. ஆண்டுத் திவசம் முடிந்தது. துக்கம் கழிந்தது என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று இரவு அம்மா என்னிடம் சொன்னார்: “பார்த்தியே பிள்ளை, அம்மாவுக்கு அழுது முடிச்சிட்டம். கொப்பருக்கு இன்னும் அழத் தொடங்கவே இல்லை. தொடங்காததை எப்பிடி முடிக்கிறது?”

அந்தக் கேள்வியை நான் பிறகு பலரிடம் கேட்டேன். 2011 முதல் கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு முன்பள்ளியில் படிப்பித்தேன். முகாம்களிலிருந்து மீளக் குடியமர்ந்த ஊர். என் வகுப்பில் இருந்த பிள்ளைகளில் எத்தனையோ பேரின் தகப்பன்மார் 2009இல் காணாமற் போனவர்கள். ஒரு தீபாவளிக்கு முன் ஒரு இளம் தாய் பிள்ளையைக் கூப்பிட வந்தவள் நின்று கேட்டாள்: “ரீச்சர், பிள்ளை பலகாரம் கேட்டு அழுகிறான். மாமி செய்யக் கூடாதெண்டுறா. தன்ரை மகன் வராமல் இந்த வீட்டிலை தாச்சி வைக்க விடமாட்டன் எண்டு நிக்கிறா. நான் என்ன செய்ய?”

மாமியின் மனதும் எனக்கு விளங்கியது. அவளுடைய மனதும் விளங்கியது. நான் அம்மம்மாவின் கதையைச் சொன்னேன். பயறு அந்த ஊரில் தாராளம். பெரும்போக நெல் வெட்டிய பிறகு வயல் ஈரத்தில் விதைத்து எடுப்பார்கள். சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். மாமி முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார். “அம்மா, எண்ணெய் வைக்கேல்லை. உருண்டைதான்” என்றேன். நாங்கள் பிடிக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவரும் கிட்ட வந்து குந்தினார். “இப்பிடிப் பெரிசாப் பிடிச்சா என்ரை பேரன்ரை வாய்க்குள்ளை போகாது” என்று சொல்லித் தானே சிறிது சிறிதாகப் பிடித்துக் காட்டினார். அவருடைய மகனுக்கும் அதேயளவில்தான் பிடித்துக் கொடுத்தவராம். அதைச் சொல்லிவிட்டு அழுதார். அழுதபடியே பிடித்தார். அடுத்த வருடம் நான் போகவில்லை. அவர்களே செய்து எனக்கு ஒரு பை அனுப்பியிருந்தார்கள்.

சட்டம்கூட இந்த இடைப்பட்ட நிலையைப் பிறகுதான் கண்டது. காணாமற் போனவரின் பெயரில் இருக்கும் காணிக்கோ வங்கிக் கணக்குக்கோ ஏதாவது செய்ய வேண்டும் என்றால் முன்பு மரணச் சான்றிதழ்தான் கேட்டார்கள். உயிரோடு இருக்கிறார் என்று நம்புகிற ஒருத்தி அதை எப்படிக் கையெழுத்து வைத்து வாங்குவாள்? 2016இல் சட்டத்தைத் திருத்தி, ‘இவரைக் காணவில்லை’ என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். அதை எடுத்தவர்களும் இருக்கிறார்கள். எங்களுக்குச் சான்றிதழ் வேண்டாம், பிள்ளை எங்கே என்று சொல்லுங்கள் என்று 2017 மாசியில் கிளிநொச்சியில் வீதியோரம் குந்திய தாய்மாரும் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் நான் மதிக்கிறேன். எடுப்பதா விடுவதா என்பதை அவரவர்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் செத்துப் போனார் என்று ஒப்புக்கொள்ளாமலும் ஒரு வீடு நடக்கலாம், பிள்ளைகள் வளரலாம் என்பதை எங்கள் அம்மம்மா 1993இலேயே ஒரு சட்டிப் பயற்றோடு செய்து காட்டிவிட்டார்.

முதல் உருண்டை

2017இல் தம்பிக்குக் கலியாணம் சரிவந்தது. அழைப்பிதழ் அடிக்கக் கொடுக்கும்போதே சிக்கல் தொடங்கியது. அப்பாவின் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போடுவதா? அச்சகத்தில் கேட்டார்கள், உறவினர்களும் கேட்டார்கள். அம்மா ஒரே சொல்லில் “வேண்டாம்” என்றார். வெறும் பெயரைத்தான் போட்டோம்.

பலகாரச் சூட்டுக்கு நாள் வைத்தார்கள். அன்று காலை உறவுப் பெண்கள் எல்லோரும் வந்து குசினியில் கூடினார்கள். அம்மா கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டு இருந்தார். நான் போய்க் கூப்பிட்டேன். “நீங்கள் வையுங்கோ. நான் இதிலை நிக்கிறன். நல்ல காரியத்திலை ஒருத்தரும் ஒண்டும் சொல்லக் கூடாது” என்றார். பெற்று, வளர்த்து, இடம்பெயர்ந்து, தூக்கிக்கொண்டு ஓடி, படிப்பித்து ஆளாக்கிய மகனின் கலியாணத்தில் தாய் கிணற்றடியில் நிற்கிறார். எனக்கு நெஞ்சு அடைத்தது.

தம்பிதான் வந்து அம்மாவின் கையைப் பிடித்தான். “அம்மா, நீங்கள் தாச்சி வைக்க வேண்டாம். உருண்டை பிடியுங்கோ. அதுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேலாது” என்றான்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். குசினியில் யாரும் பேசவில்லை. பெரிய மாமி மட்டும் பலகையை நகர்த்திப் போட்டு, “இதிலை இரு” என்றார். அம்மா பாகை விட்டு மாவைக் குழைத்து முதல் உருண்டையைப் பிடித்தார். அவருடைய கை நடுங்கியது. உருண்டை சரியாகத்தான் வந்தது. பெரிய மாமி தாச்சியை ஏற்றினார். நாங்கள் எல்லோரும் பிடித்த உருண்டைகள் மாவில் தோய்ந்து எண்ணெயில் இறங்கின. அம்மா பிடித்த அந்த முதல் உருண்டைக்கு மட்டும் சட்டை போடவில்லை. அதை ஒரு சிறு பேணியில் போட்டு அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார் அம்மா. படத்துக்கு மாலை இல்லை. இன்றுவரை இல்லை.

இப்போது அம்மாவுக்கு 70 வயது தாண்டிவிட்டது. உரலில் இடிக்க ஏலாது. பாகுப் பதம் மட்டும் அவர்தான் பார்க்க வேண்டும். தம்பியின் மகள் விரலால் தொட்டு நூல் இழுத்துப் பார்த்து, “அப்பம்மா, வந்திட்டுது” என்று கத்துவாள். அவளுக்கு இந்தக் கதை இன்னும் முழுதாகத் தெரியாது. ஏன் சட்டை இல்லை என்று ஒருநாள் கேட்பாள். அப்போது அம்மா சொல்வார். அல்லது நான் சொல்வேன்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் வராமல் இருக்கலாம். அவருக்காக நீங்கள் தாச்சி வைக்காமல் இருந்தால் அதில் பிழையில்லை. அது உங்கள் காத்திருப்பு. அதை விடச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் உங்கள் பிள்ளை வேலிப் பொட்டுக்குள்ளால் அடுத்த வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதா என்று ஒருக்கால் திரும்பிப் பாருங்கள். நின்றால், அரைக் கிலோ பயறு வாங்கி வறுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி உருண்டை பிடிக்கப் பழக்குங்கள். யாராவது எட்டிப் பார்த்துக் கேட்டால், கஞ்சிக்கு வறுக்கிறேன் என்று சொல்லுங்கள்.